கோடக்கன் பிள்ளை எதிர் முதநாயக்க: எவர் பெயரையும் சொல்லாத சட்டமும் நாடிழந்த மலையகமும்

இலங்கையின் குடியுரிமை வரலாற்றில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளுள் ஒன்று 1953 மே மாதத்தில் லண்டனில் வழங்கப்பட்டது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று, அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் அதில் முடிவு செய்தது. சட்டக் கல்லூரிகளில் இவ்வழக்கு நாடாளுமன்ற அதிகாரத்தின் எல்லை பற்றிய பாடமாகவே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து பார்த்தால், ஒரு சமூகத்தின் உரிமை நீதிமன்றத்தின் கையைவிட்டு இரு அரசாங்கங்களின் பேரத்துக்குள் போய்ச் சேர்ந்த இடம் இதுதான். இந்த ஆய்வு வழக்கை அந்தக் கோணத்திலிருந்து அணுகுகிறது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டிச் சீமையின் காடுகளை அழித்துக் கோப்பி பயிரிடத் தொடங்கிய ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள், மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் என்ற ஆள்திரட்டும் மேற்பார்வையாளர்கள் வழியாக ஆட்களைத் திரட்டினார்கள். கோப்பிக் காலத்தில் வருகை பருவத்தை ஒட்டியதாக இருந்தது. அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டபோது நிலைமை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகக் குடியேற்றினார்கள், லயங்களைக் கட்டினார்கள், காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு வரும் பெண்களின் கையில்தான் ஏற்றுமதி வருமானமே தங்கியிருந்தது. நிலையாக இருக்கச் சொன்னது தோட்டத்துரையின் தேவை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னாளில் நீதிபதிகள் இம்மக்களின் ‘இடம்பெயரும் இயல்பு’ பற்றிப் பேசப்போகிறார்கள்.

அந்த இயல்பு எவ்வளவு முன்பே மங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அரசாங்க ஆவணங்களே சான்று. தோட்டத் தமிழர்களில் நாற்பது முதல் ஐம்பது விழுக்காட்டினர் நிரந்தரமாகக் குடியேறியவர்கள் என்று அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த டொனமூர் ஆணைக்குழு 1928இல் மதிப்பிட்டது. பத்தாண்டுக்குப் பின் எட்வர்ட் ஜாக்சன் அளித்த அறிக்கை அதை அறுபது விழுக்காடு என்றது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கமே இலங்கைக்குக் கூலி வேலைக்கு ஆள் செல்வதைத் தடை செய்துவிட்டது. சுதந்திரம் வந்தபோது, புதிய ஆட்கள் தோட்டங்களுக்கு வருவது நின்று எட்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. 1946 குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவானவர்கள் சுமார் 7.8 இலட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் 11.7 விழுக்காடு.

1947 பொதுத்தேர்தலில் இவர்கள் வாக்களித்தார்கள். அவர்களுடைய கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களைப் பிடித்தது: நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். தாங்களே வெல்ல முடியாத பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளின் பக்கம் சாய்ந்தது. இதே இடதுசாரித் தலைவர்களுள் ஒருவரான என்.எம். பெரேராவைத் தேர்ந்தெடுத்த ருவன்வெல்லதான் நம் வழக்கு பிறந்த தொகுதி என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் எதைக் கண்டு அஞ்சியது என்பதை அது காட்டிவிடுகிறது. கண்டிச் சிங்கள விவசாயியின் அரசியல் எடை தோட்டத்து வாக்கால் குறைந்துவிடும் என்ற அச்சம் 1920களிலிருந்தே சட்டசபை விவாதங்களில் ஒலித்து வந்தது. அதோடு, சிவப்புக் கொடிக்கு விழும் வாக்கு என்ற கணக்கும் இப்போது சேர்ந்துகொண்டது.

மூன்று சட்டங்கள்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமை (குடியுரிமை)ச் சட்டம் அதே ஆண்டு நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கையில் பிறப்பது மட்டும் போதாது. அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்தவராக இருந்தால் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையெனில் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பின் பிறப்பவரின் உரிமை தந்தை பிரசையா இல்லையா என்பதைப் பொறுத்தது. தாயின் பிறப்பிடத்துக்கு இதில் எந்த இடமும் இல்லை. சிறப்பான பொதுச் சேவை செய்தவர்களை ஆண்டுக்கு 25 பேருக்கு மிகாமல் அமைச்சர் பதிவு செய்யலாம் என்றும் ஒரு பிரிவு இருந்தது. அது யாருக்கானது என்று கேட்கவேண்டிய தேவை கொழுந்துக் கூடையோடு நின்றவர்களுக்கு ஏற்படவில்லை.

‘இந்தியர்’ என்றோ ‘தமிழர்’ என்றோ ஒரு சொல்கூட இச்சட்டத்தில் இல்லை. கேகாலை மாவட்டத்துச் சிங்கள விவசாயியிடமும் பூட்டனின் பிறப்புச் சான்று இருக்கப் போவதில்லை. ஆனால் அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை. சான்றைக் காட்டும் சுமை நடைமுறையில் ஒரே பக்கத்தின் தோள்மீது விழுந்தது. 1948இல் நாற்பது வயதில் தோட்டத்தில் வேலை செய்தவரின் தந்தை பெரும்பாலும் 1880களில் பிறந்தவராக இருப்பார். மன்னார்க் கரையில் இறங்கி வடபகுதிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். இங்கேயே பிறந்த தந்தைக்கும் அதை மெய்ப்பிக்கும் காகிதம் மகனின் கையில் இருப்பது அரிது.

இரண்டாவது, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். முதற்சட்டத்தால் வெளியே தள்ளப்பட்டவர்கள் விண்ணப்பித்து உள்ளே வரலாம் என்ற வழியை அது திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர்களுக்கு ஏழு ஆண்டும் மணமாகாதவர்களுக்குப் பத்து ஆண்டும் இடையறாத வதிவு வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். போதிய வருமானம் அல்லது தொழில் இருக்க வேண்டும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இங்கேயே வசித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம்: 1951 ஆகஸ்ட் 5உடன் கதவு மூடப்பட்டது.

மூன்றாவதாக, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், இலங்கைப் பிரசை அல்லாத எவரும் வாக்காளராகப் பதிய முடியாது என்றது. முதற்சட்டம் பிரசாவுரிமையைப் பறிக்க, மூன்றாவது அதன்மீது வாக்குரிமையைக் கட்டிவைத்தது. இரண்டாம் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்களின் பெயர்களும் இதனால் வாக்காளர் பட்டியலான இடாப்பிலிருந்து அடிபட்டன.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. தமிழ் அரசியல் மேடைகளில், தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறிக்க வாக்களித்தார் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. முதற்சட்டத்தை அவர் எதிர்த்தே வாக்களித்தார். 1948 செப்டம்பரில் அமைச்சரவையில் சேர்ந்த பிறகு இரண்டாம் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்தப் பிரச்சினை ஒரு முக்கிய காரணம். பழியைப் பங்கிடும்போது சட்டத்தின் எண்ணையாவது சரியாகச் சொல்வது நல்லது.

வழக்கு

சுதந்திரத்தின்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒரு சமூகத்தை அல்லது மதத்தைச் சேர்ந்தவர்கள்மீது பிற சமூகத்தினருக்கு இல்லாத தகுதிக்கேட்டையோ கட்டுப்பாட்டையோ விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. அவ்வாறு இயற்றப்பட்டால், மீறும் அளவுக்கு அச்சட்டம் செல்லாது என்று மூன்றாம் உட்பிரிவு கூறியது. உரிமைப் பட்டியல் எதுவும் இல்லாத அந்த அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த ஒரே கவசம் இதுதான்.

ருவன்வெல்லத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன் பிள்ளை கோரினார். அவர் பிரசை அல்லர் என்பது தடையாக வைக்கப்பட்டது. முறையீட்டை விசாரித்த மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம், பிரசாவுரிமைச் சட்டத்தின் உரிய பிரிவுகளும் தேர்தல் திருத்தமும் 29ஆம் பிரிவை மீறுவதால் செல்லாதவை என்று 1951இல் தீர்மானித்தார். வாக்காளர் இடாப்பைத் திருத்தும் வேலைக்கு அமர்த்தப்பட்ட ஓர் அதிகாரி நாடாளுமன்றத்தின் இரு சட்டங்களை வெற்றுக் காகிதமென்று சொல்வது சாதாரணத் துணிச்சல் அல்ல. இடாப்பைத் தயாரிக்கும் தரப்பு அதிகாரியான முதநாயக்க அந்த முடிவை இரத்துச் செய்யக் கோரி உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். நீதிமன்றம் அதே ஆண்டில் இரத்துச் செய்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன, அவை எந்தச் சமூகத்தையும் பெயர் சுட்டி ஒதுக்கவில்லை, சொற்கள் தெளிவாக இருக்கும்போது அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நோக்கத்தைத் துருவுவது நீதிமன்றத்தின் வேலையல்ல என்பதே அதன் அணுகுமுறை. கோடக்கன் பிள்ளை பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்தார்.

மேன்முறையீடு முடிவதற்குள் 1952 பொதுத்தேர்தல் நடந்துவிட்டது. தொகுதி எல்லைகள் 1947இல் இருந்தவையே. தோட்டத்து மக்களையும் எண்ணி வரையப்பட்ட அந்த எல்லைகளுக்குள்ளிருந்து வாக்காளர்களை மட்டும் உருவிவிட்டார்கள். தலவாக்கலை போன்ற தொகுதிகளில் சில ஆயிரம் பேரின் வாக்கே ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்யப் போதுமானதாயிற்று. இலங்கை இந்திய காங்கிரஸுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஏப்ரலில் பிரதமர் அலுவலகத்தின் முன் அவர்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஏறத்தாழ 140 நாள் நீடித்தும் அரசாங்கம் இறங்கிவரவில்லை.

தீர்ப்பின் தருக்கம்

பிரிவி கவுன்சிலின் தீர்ப்பை ஒக்ஸி பிரபு வழங்கினார். உச்ச நீதிமன்றத்தைவிட அது ஒரு படி மேலே சென்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நேரடியாகச் செய்ய முடியாததை மறைமுகமாகவும் சட்டமன்றம் செய்ய முடியாது என்ற கொள்கையை அது ஏற்றது. அப்படி நடந்திருந்தால் சட்டம் செல்லாதென்றும் சொன்னது. ஆகவே சட்டத்தின் உள்ளடக்கத்தைப் பார்க்க அதற்கு வழி இருந்தது. பார்த்த பிறகு வந்த முடிவே சிக்கலானது.

தன் நாட்டின் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான, முறையான பணி என்பது தீர்ப்பின் தொடக்கப்புள்ளி. எழுத்தறிவு, சொத்து, பிறப்பு, வதிவு ஆகியவற்றை அளவுகோலாக வைக்கலாம். அவை எழுத்தறியாதோரையும் ஏழைகளையும் வந்தேறியோரையும் மற்றவர்களைவிட அதிகமாக வெளியே நிறுத்தக்கூடும். ஆயினும் ஒரு சமூகம் தன் எழுத்தறிவின்மையாலோ வறுமையாலோ இடம்பெயர்வாலோ சமூகமாகப் பிணைக்கப்படுவதில்லை, இனத்தாலும் மதத்தாலுமே பிணைக்கப்படுகிறது. ஆகவே அந்தச் சமூகத்தின்மீது தகுதிக்கேடு விதிக்கப்பட்டதாகாது என்று தீர்ப்பு வாதிட்டது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம், சோல்பரி ஆணைக்குழு அறிக்கையின் இரு பத்திகளைச் சுட்டி, அவர்கள் பிரசைகளாவதற்குப் பொருத்தமானவர்களா என்ற கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள உண்மை என்றும், அவர்களைச் சமூகமாகக் கொள்வதோடு அதற்குத் தொடர்பில்லை என்றும் சொல்லப்பட்டது.

இந்த வாதத்தின் பலவீனம் தோட்டத்தைப் பற்றிய அறியாமையில் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரிடமிருந்து மலையகத் தமிழரைத் தனிச் சமூகமாகப் பிரித்தது மொழியும் அன்று, மதமும் அன்று. கங்காணியின் கடன், லயத்து வாழ்க்கை, செக்ரோல் என்ற தோட்டப் பெயரேட்டில் ஏறிய பெயர், இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாம் வழியான பயணம் ஆகிய இந்த வரலாறே அவர்களைத் தனிச் சமூகமாக்கியது. குடிசன மதிப்பீடு 1911 முதல் அவர்களை ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாக எண்ணியதும் இதனால்தான். புலம்பெயர்வு அந்தச் சமூகத்துக்கு வெளியே தொங்கும் ஒரு பண்பு அன்று. அதுவே அதன் பெயர். புலம்பெயர்வை அளவுகோலாக வைத்துவிட்டு அந்தச் சமூகத்தைத் தொடவில்லை என்று சொல்வது, மீனைப் பிடிக்கவில்லை, நீரில் வாழ்வனவற்றை மட்டுமே பிடித்தேன் என்பதற்கு ஒப்பாகும்.

இடம்பெயரும் பழக்கம் என்ற சொல்லையும் அன்றைய உண்மையோடு உரசிப் பார்க்க வேண்டும். 1939 தடைக்குப் பின் புதிதாக ஆள் வருவதே நின்றிருந்தது. ஜாக்சன் அறிக்கை பெரும்பான்மையினரை நிலைகொண்டவர்கள் என்றிருந்தது. திருமணத்துக்கோ கோவில் திருவிழாவுக்கோ சொத்துத் தகராறுக்கோ ஊர் போய் வருவது பழக்கம்தான். அந்தப் போக்குவரவைப் பல தலைமுறைக் குடியிருப்பைவிடக் கனமானதாக நிறுத்தது ஒரு தெரிவு.

தீர்ப்பின் மற்றொரு தூண் இரண்டாம் சட்டம். சட்டங்களுக்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்ததென்று வாதிட்டால் அத்திட்டத்தை முழுமையாகப் பார்க்க வேண்டும்; 1949ஆம் ஆண்டுச் சட்டம் போதிய தொடர்புள்ள இந்தியத் தமிழர்கள் பிரசைகளாக வழி வைத்திருக்கிறது; ஆகவே அவர்களை அடியோடு வெளியேற்றும் நோக்கம் இல்லை என்றது பிரிவி கவுன்சில். கேட்பதற்கு நியாயமான வாதம். ஆனால் 1953 மே மாதத்தில் அந்த வழியால் எத்தனை பேர் உள்ளே சென்றார்கள் என்பது யாருக்கும் தெரியக்கூடிய நிலையில் இல்லை. விசாரணைகள் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. மருந்து வேலை செய்யுமா என்று தெரியுமுன்பே நோய் தீர்ந்ததாக அறிவிக்கப்பட்டது.

முடிவு என்னவென்று பின்னர் தெரிந்தது. ஆரம்பத்தில் சட்டத்தைப் புறக்கணித்த இலங்கை இந்திய காங்கிரஸ் இறுதி மாதங்களில் மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னதால், சுமார் 8.25 இலட்சம் பேரின் சார்பில் 2.37 இலட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. இவர்களுக்கு விண்ணப்பிக்கும் ஆசையே இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு அந்த எண்ணிக்கையே பதில். கடைசியில் பிரசாவுரிமை கிடைத்தது சுமார் 1.34 இலட்சம் பேருக்கு. ஆறில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. ஏழு ஆண்டுகளுக்கு வதிவுச் சான்று திரட்டுவதும், மனைவி ஊரில் தங்கிய மாதங்களுக்கு விளக்கம் சொல்வதும், விசாரணை அதிகாரியின் முன் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்படும் குறிப்பில் பெருவிரல் வைப்பதும் சேர்ந்தே இந்த விகிதத்தை உண்டாக்கின. எழுத்தறிவின்மை ஒரு சமூகத்தைப் பிணைப்பதில்லை என்று தீர்ப்பு சொன்னது. விண்ணப்பப் படிவத்தின் முன் அது எப்படிப் பிணைத்தது என்பதற்கு இந்த எண்கள் சாட்சி.

நீதிமன்றத்துக்கு அப்பால்

சட்டவழி மூடியதும் கேள்வி கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையிலான ஒன்றாயிற்று. இவர்கள் இலங்கையின் பிரசைகளே என்பது நேருவின் நிலைப்பாடு. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பின்கீழ்த் தூதரகத்தில் பதிந்தவர்கள் மட்டுமே இந்தியர்கள், பதியாதவர்கள் தானாக இந்தியராகிவிட மாட்டார்கள் என்று அவர் வாதிட்டார். இலங்கையோ, தன் பதிவில் சேராதவர்கள் எல்லோரும் இந்தியர்கள் என்றது. இரண்டு வாதங்களுக்கும் இடையில் விழுந்தவர்களே நாடற்றோர். 1954 ஜனவரியில் நேருவும் இலங்கைப் பிரதமர் ஜோன் கொத்தலாவலையும் செய்த ஒப்பந்தம் இந்த இடைவெளியை மூடவில்லை.

நேரு மறைந்த ஐந்தே மாதத்தில், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்டார்கள். நாடற்றோரின் எண்ணிக்கை 9.75 இலட்சம் எனக் கொண்டு, 5.25 இலட்சம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்கும் என்றும், மீதி 1.5 இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யலாம் என்றும் தீர்மானித்தார்கள். 1974இல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கினார்கள். இங்கே நான்கு பேருக்குப் பிரசாவுரிமை கொடுத்தால் அங்கே ஏழு பேர் போக வேண்டும் என்ற விகிதத்தில் பதினைந்து ஆண்டில் முடிக்க வேண்டியது கணக்கு. மலையகத் தொழிலாளர் தரப்பிலிருந்து எவரும் அந்தப் பேச்சுவார்த்தையில் இல்லை. 1951இல் ருவன்வெல்லயில் ஒருவர் ‘என் பெயரைச் சேருங்கள்’ என்று தனக்காகக் கேட்டதற்கும், 1964இல் இரு பிரதமர்கள் தலைகளை எண்ணிப் பிரித்ததற்கும் இடையே நிற்கும் வேறுபாடே இந்த வழக்கின் உண்மையான விளைவு.

இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கீட்டை எட்டவில்லை. பெரும்பாலோர் இலங்கையையே கேட்டார்கள். கப்பலேறியவர்களுக்காகத் தமிழ்நாட்டில் நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. கூடலூரிலும் கோத்தகிரியிலும் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரோடு அவர்கள் மறுபடியும் கொழுந்தெடுக்கத் தொடங்கினார்கள். திரும்பிய தாயகத்தைப் பலர் அதற்கு முன் கண்டதே இல்லை. 1980களின் தொடக்கத்தில் இந்தியா ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதென்று விலகிக்கொள்ள, 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. இந்தியப் பிரசை என்று காகிதத்தில் ஆகியும் லயத்திலேயே தங்கிவிட்டவர்கள் ஒரு புதிய வகையினர்.

இதற்கிடையில் 29ஆம் பிரிவும் மறைந்துபோனது. 1964இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில், அப்பிரிவு இலங்கைப் பிரசைகள் தமக்குள் செய்துகொண்ட உரிமைச் சமநிலை என்றும், அரசியலமைப்பை அவர்கள் ஏற்றதற்கு அதுவே அடிப்படை நிபந்தனை என்றும் அதே பிரிவி கவுன்சில் போற்றியது. பதினோராண்டு முன்பு அந்தச் சமநிலைக்குள் யார் வரலாம் என்பதைச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்ட பிறகு வந்த புகழ்ச்சி அது. 1972 குடியரசு அரசியலமைப்பு அந்தப் பிரிவை வைத்துக்கொள்ளவில்லை.

நாடற்ற நிலையைத் தீர்த்தவை நாடாளுமன்றச் சட்டங்களே. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சுமார் 94,000 பேருக்கு வழி செய்தது. 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம் மேலும் சிலரை உள்ளே எடுத்தது. தோட்டத்து வாக்கு மறுபடியும் எடை பெற்ற காலம் அது, அதைத் தொண்டமான் நன்றாகப் பயன்படுத்தினார். கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமையை வழங்கியது. இதில் கவனிக்க வேண்டியது நடைமுறை. பூட்டனின் சான்றோ வருமானச் சான்றோ கேட்கப்படவில்லை. தோட்டங்களுக்கே நடமாடும் நிலையங்களைக் கொண்டுசென்று, ஐக்கிய நாடுகளின் அகதிகள் முகவரகத்தின் துணையோடு, அந்த ஆண்டின் டிசம்பரில் ஏறத்தாழ பத்து நாளில் 1.9 இலட்சம் பேரளவில் பதிந்தார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு ஏற்றவர்களைவிட இது அதிகம். சான்றுக்குப் பஞ்சம் என்று முன்பு சொல்லப்பட்டது எவ்வளவு தூரம் உண்மையில் மனத்துக்குப் பஞ்சம் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

போரின்போது தமிழ்நாட்டுக்கு ஓடியவர்களில் இருந்த மலையகத்தார் இந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள், ஏனெனில் அவர்கள் இலங்கையில் வதியவில்லை. 2009இல் இலங்கை கொண்டுவந்த திருத்தம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து திரும்ப விரும்பாதவர்களின் கதை இந்தியப் பக்கம் தொடர்கிறது. திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் பல பத்தாண்டுகளாக இருந்த இந்திய வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், அதை மத்திய அரசு பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதே ஆண்டின் டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டும் பெயர் சொல்லிக் குறித்தது; இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.